பழைய எஃபெக்ட் பெடலில் ஸ்விட்சை மாற்றும் முன்

ஒரு மிதிக்குச் சத்தம் வருகிறது, அடுத்த மிதிக்குப் போகிறது, மூன்றாவது மிதிக்குக் கரகரவென்று பாதிதான் வருகிறது. ஃபஸ், வா, ஃபேசர், எக்கோ எதுவானாலும், கிட்டார் சத்தத்தை மாற்றித்தரும் பழைய எஃபெக்ட் கருவி பழுதுக்கு வரும்போது புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உடனே புது ஸ்விட்ச் வாங்கி மாட்டத் தோன்றும். பல நேரம் அது சரிதான். ஆனால் நல்ல ஸ்விட்சைக் கழற்றி, கூடவே பழைய சர்க்யூட் போர்டின் டிராக்கையும் (செம்புத் தடத்தையும்) பிய்த்துவிட்டு, பழுது மட்டும் அப்படியே நிற்பதும் நடக்கிறது.

அதனால் கையில் சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: இந்த ஸ்விட்ச் வழியாக என்ன போகிறது?

பழைய எஃபெக்ட் கருவிகளில் இதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது, இசை சிக்னலே நேராக ஸ்விட்சின் பாயிண்ட் (உள்ளே சேர்ந்து பிரியும் உலோக முனை) வழியாகப் போவது. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ், 1969-இல் வந்த பிக் மஃப், 1974-இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90, வா பெடல்கள் எல்லாம் இந்த வகை. மிதித்தால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் கனமான ஃபுட் ஸ்விட்ச் இருக்கும். இரண்டாவது, ஸ்விட்ச் வெறும் சைகை மட்டும் கொடுப்பது. 1977-இல் தொடங்கிய பாஸ் காம்பாக்ட் பெடல்கள், ஐபனேஸின் டிஎஸ்808, டிஎஸ்9 எல்லாம் இப்படி. சிக்னலைத் திருப்பிவிடுவது உள்ளே இருக்கும் ஜேஃபெட் டிரான்சிஸ்டர்கள். ஸ்விட்ச், ஒவ்வொரு தட்டலுக்கும் நிலை மாறும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் சர்க்யூட்டைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவே. மூன்றாவது, மெயின்ஸ் கரண்டையே திறந்து மூடுவது. 1974-இன் ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ, 1976-இன் பாஸ் சிஇ-1 போன்ற, சுவரில் செருகும் கருவிகளில் முதல் இரண்டோடு இதுவும் சேர்ந்திருக்கும்.

மூன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு, வாங்க வேண்டிய பாகமும் வேறு.

குற்றவாளி ஸ்விட்ச்தானா?

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், இரண்டு ஜாக்கிலும் எதுவும் செருகியிருக்க வேண்டாம். மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடியுங்கள். 0.2, 0.3 என்று ஏதோ காட்டும். அது மீட்டர் ஒயரின் கணக்கு, கழித்துக்கொள்ள வேண்டியது. இப்போது ஸ்விட்சின் அடியில், ஒயர் சால்டர் செய்த உலோகக் கால்களில், நடுக் காலிலும் பக்கத்துக் காலிலும் வைத்து, இருபது முறை மிதிப்பதுபோல அழுத்தி அழுத்தி விடுங்கள். நல்ல பாயிண்ட் சேரும் ஒவ்வொரு முறையும் அதே எண்ணில் வந்து நிற்கும். ஒயரின் கணக்குக்கு மேல் 0.1 ஓம் கூடக் கூடாது. ஒருமுறை 0.4, ஒருமுறை 15, ஒருமுறை எண்ணே நிற்காமல் ஓடுகிறது என்றால் பாயிண்ட் போய்விட்டது. பாதி அழுத்திய நிலையில் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். தேய்ந்த ஸ்விட்ச் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் நேரடியான சோதனை ஒன்று உண்டு. பெடலை இயங்கவிட்டு, சிக்னல் கொடுத்துக்கொண்டே, சந்தேகப்படும் இரண்டு கால்களையும் முதலைக் கிளிப் ஒயரால் இணையுங்கள். சத்தம் முழுதாகத் திரும்பி வந்தால் குற்றவாளி அந்தப் பாயிண்ட்தான். வராவிட்டால் ஸ்விட்சை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள். பேட்டரியிலோ அடாப்டரிலோ ஓடும் பெடலுக்குத்தான் இந்தச் சோதனை. மெயின்ஸ் நுழையும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கிளிப் மாட்டும் விளையாட்டு வேண்டாம்.

வேறு இடம் என்றால் முதலில் ஜாக். அதன் ஸ்பிரிங் தகடு தளர்ந்திருந்தாலும் கறுத்திருந்தாலும் அச்சு அசல் ஸ்விட்ச் பழுது மாதிரியே நடிக்கும். ஏனென்றால் மிதிக்கிற அதிர்ச்சியில்தான் அதுவும் விட்டுவிட்டு வரும். அடுத்தது, ஸ்விட்சின் காலில் சால்டர் செய்த ஒயர். வருடக்கணக்கில் மிதிபட்டதில், பிளாஸ்டிக் உறை முடியும் இடத்தில் உள்ளே செம்பு அறுந்திருக்கும், வெளியே உறை முழுதாகத் தெரியும். ஒவ்வொரு ஒயரையும் மூக்குக் குறடால் லேசாக இழுத்துப் பார்த்தால் போதும், ரப்பர் மாதிரி நீண்டால் அதுதான்.

பாயிண்ட் ஏன் கெடுகிறது

இந்த ஸ்விட்சுகளில் பெரும்பாலும் வெள்ளிப் பாயிண்ட். வெள்ளிப் பாத்திரம் அலமாரியில் கிடந்து கறுக்கிறதே, அதே கறுப்பு இங்கேயும் படிகிறது. காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. 230 வோல்ட்டுக்கு அந்தப் படலம் ஒரு பொருட்டே இல்லை, எரித்துத் துளைத்துக்கொண்டு போய்விடும். கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவதோ சில பத்து, மிஞ்சினால் சில நூறு மில்லிவோல்ட். அதற்கு இந்தப் படலத்தை உடைக்கும் தெம்பு கிடையாது. "5 ஆம்பியர் தாங்கும் ஸ்விட்ச், இதற்குப் போதாதா" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். பெரிய கரண்டைத் தாங்கும் பாயிண்ட் மிகச் சிறிய சிக்னலைக் கடத்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சின்ன சிக்னலுக்குத் தங்க முலாம் பூசிய பாயிண்ட் நல்லது, அது கறுக்காது. மினி டாகிள் ஸ்விட்சுகளின் டேட்டா ஷீட்டில் தங்கப் பாயிண்ட் வகைக்கு 20 வோல்ட், 0.4 வோல்ட்-ஆம்பியர் என்று ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். அதைக் கொண்டுபோய் மெயின்ஸில் போட்டால் முதல் சில பொறிகளிலேயே முலாம் எரிந்துவிடும். சிக்னலுக்குத் தங்கம், மெயின்ஸுக்கு வெள்ளி. மாற்றிப் போடக் கூடாது.

கறுத்த வெள்ளிக்கு ஸ்விட்சை மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. காண்டாக்ட் கிளீனரைச் சன்னக் குழாய் வழியாக உள்ளே ஒரு சொட்டு விட்டு முப்பது முறை இயக்கினால் பல ஸ்லைடு ஸ்விட்சுகளும் புஷ் ஸ்விட்சுகளும் உயிர் பெற்றுவிடும். சிஇ-1-இன் ஹை, லோ ஸ்லைடு ஸ்விட்ச் மாதிரி வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்தவற்றுக்குச் சும்மா நகர்த்துவதே பாதி வைத்தியம். டபிள்யூடி-40 மட்டும் வேண்டாம். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துவைக்கும், ஆறு மாதத்தில் நிலைமை முன்னைவிட மோசமாகும். உப்புத்தாளும் வேண்டாம், வெள்ளி முலாமைச் சுரண்டிவிட்டு அடியிலுள்ள பித்தளையைத் திறந்துவைப்பதுதான் அது செய்யும் வேலை.

ஃபுட் ஸ்விட்சை மாற்றும்போது

பழைய பெடலில் இருப்பது மூன்று கால், ஆறு கால் அல்லது ஒன்பது கால் ஸ்விட்ச். மூன்று கால் என்றால் எஸ்பிடிடி, அதாவது ஒரு இணைப்பை இரு பக்கமும் திருப்புவது. ஆறு என்றால் டிபிடிடி, ஒரே மிதியில் இரண்டு இணைப்பு. ஒன்பது என்றால் த்ரீபிடிடி, மூன்று இணைப்பு. கழற்றும் முன் மூன்று கோணத்தில் படம் எடுங்கள், கூடவே தாளில் ஒரு வரைபடமும் போடுங்கள். படத்தில் ஒயர்கள் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்துகொள்ளும், தாளில் ஒளியாது. ஒயரின் நிறத்தை நம்பவே வேண்டாம், பல பழைய பெடல்களில் கைக்குக் கிடைத்த நிறத்தை மாட்டியிருப்பார்கள்.

கார்லிங் (ஒரு ஸ்விட்ச் கம்பெனி) வகை ஃபுட் ஸ்விட்சின் கழுத்து மரை 15/32 அங்குலம், அதாவது 11.9 மில்லிமீட்டர். இன்று எளிதாகக் கிடைக்கும் நீல நிற த்ரீபிடிடி ஸ்விட்சின் மரை 12 மில்லிமீட்டர். ஓட்டை இரண்டுக்கும் ஒத்துப்போகும், ஆனால் ஒன்றின் நட்டை மற்றொன்றில் போட்டு முறுக்கினால் மரை மழுங்கும். டாகிள் ஸ்விட்சிலும் இதே தொல்லை. மினி வகையின் கழுத்து கால் அங்குலம், சப்மினி வகையில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் என்று வேறுபடும். பழைய நட், வாஷரை அலங்காரத்துக்காக வைத்துக்கொள்ள விரும்பினால் வாங்கும் முன்பே வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

புது ஸ்விட்ச் வந்ததும் கால்களின் வரிசையை மீட்டரில் உறுதிசெய்ய வேண்டும். த்ரீபிடிடியில் ஒன்பது கால்களும் சதுரமாக நிற்பதால் தொண்ணூறு டிகிரி திருப்பிவைத்து சால்டர் செய்துவிடுவது எல்லாரும் ஒருமுறை செய்கிற தப்பு. தட்டையான கால்கள் கிடைமட்டமாகப் படுத்திருக்கும்படி பிடித்தால், மேலிருந்து கீழாகச் செல்லும் மூன்று நெடுவரிசைகளும் மூன்று தனித்தனி ஸ்விட்சுகள், நடு வரிசை பொது முனை. அழுத்துமுன் நடுக் கால் ஒரு பக்கத்தோடு சேரும், அழுத்திய பின் எதிர்ப் பக்கத்தோடு.

இனி சால்டரிங். இந்த ஸ்விட்சைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது மிக எளிய சங்கதி. நடுக் காலின் உச்சியில் ஒரு சிறு உலோகத் தகடு ஊஞ்சல் பலகை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து ஸ்பிரிங்கோடு வரும் ஒரு பிளாஸ்டிக் முனை அந்தப் பலகையை இப்படியும் அப்படியும் சாய்க்கிறது. சாய்ந்த பக்கத்துக் காலில் பலகையின் நுனி படுகிறது, அதுதான் காண்டாக்ட். கால்களைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பிளாஸ்டிக். அயர்னை ஐந்தாறு விநாடி ஒரே காலில் வைத்தால் பிளாஸ்டிக் இளகி, அந்தக் கால் ஒரு முடியளவு கீழே இறங்கும் அல்லது சாயும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே ஊஞ்சல் பலகை சரியாக உட்காராது. பலகையில் தடவியிருக்கும் கிரீஸும் உருகிப் பாயிண்டுக்கு ஓடிவிடும். "புது ஸ்விட்ச் ஒரு மாதத்தில் போய்விட்டது, மட்டமான சரக்கு" என்ற புலம்பலில் பெரும்பகுதி உண்மையில் அயர்ன் சூட்டின் வேலை.

எனவே 350 டிகிரியில் நல்ல அகலமான முனை, ஈயம் கலந்த 63/37 சால்டர். முதலில் எல்லாக் கால்களிலும் ஒவ்வொரு துளி பூசிவையுங்கள், ஒயர் நுனிகளிலும் பூசிவையுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து உருக்குங்கள். ஒரு காலுக்கு இரண்டிலிருந்து மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். பக்கத்துக் காலுக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போங்கள், இது ஆறட்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைப்பதைவிட நிறைந்த சூட்டில் சீக்கிரம் எடுப்பதுதான் ஸ்விட்சுக்கு நல்லது. பலரும் பயந்துகொண்டு 280-இல் வைத்துத் தேய்ப்பார்கள், அதுதான் பிளாஸ்டிக்கை உருக்கும். முடித்த பின் அதே இருபது மிதிச் சோதனையை மீட்டரோடு இன்னொரு முறை செய்யுங்கள், பெட்டியை மூடும் முன்.

எஸ்பிடிடி இருந்த இடத்தில் டிபிடிடி போடலாமா என்றால், போடலாம். பழைய எஸ்பிடிடி இணைப்பில் வெளிவரும் சிக்னல் மட்டும்தான் திருப்பப்படுகிறது. எஃபெக்ட் சர்க்யூட்டின் உள்நுழைவு எப்போதும் கிட்டாரோடு தொங்கிக்கொண்டே இருக்கும், அணைத்த பின்னும் சத்தத்தின் கூர்மையைக் குடித்துக்கொண்டிருக்கும். வா பெடலில் இது நன்றாகவே காதுக்குத் தெரியும்.

ஆறு கால்களை வைத்தே இதைச் சரிசெய்து, அணைத்த நிலையில் சர்க்யூட்டின் உள்நுழைவை எர்த்தோடும் சேர்த்துவிடலாம். முதல் வரிசையின் நடுக் காலில் சர்க்யூட்டின் உள்நுழைவு, ஒரு பக்கத்தில் இன்புட் ஜாக், மறுபக்கத்தில் எர்த். இரண்டாவது வரிசையின் நடுக் காலில் அவுட்புட் ஜாக். முதல் வரிசையில் இன்புட் ஜாக் இருக்கும் அதே பக்கத்தில் சர்க்யூட்டின் வெளிவாய், எர்த் இருக்கும் பக்கத்தில் மீண்டும் இன்புட் ஜாக். இன்புட் ஜாக்கிலிருந்து ஆக இரண்டு ஒயர். எர்த் எதற்கு என்றால், ஃபஸ் மாதிரி அதிகக் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள சர்க்யூட்டின் உள்நுழைவு அந்தரத்தில் தொங்கினால் அணைத்த நிலையிலும் கீச்சென்ற சத்தம் அடுத்த ஒயருக்குக் கசியும். எல்இடி விளக்கும் வேண்டுமென்றால்தான் ஒன்பது கால் தேவை.

ஆனால் சேகரிப்பாளர்கள் தேடும் மாடல் என்றால், இந்த மாற்றத்தைச் செய்யாமல் அதே கால் எண்ணிக்கையுள்ள ஸ்விட்சைப் போடுவதுதான் மரியாதை. பெட்டியில் புதிதாக ஓட்டை போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

மாட்டும்போது உள்ளே ஒரு நட், பல் வைத்த லாக் வாஷர், பிறகு பெட்டியின் தகடு, வெளியே நைலான் வாஷர், மேல் நட். உள் நட்தான் உயரத்தைத் தீர்மானிக்கிறது, வெளி நட் இறுக்குகிறது. பொதுவான பெடலில் இந்த உயரம் பெரிய விஷயமில்லை. வா பெடலில் எல்லாமே அதுதான். மிதிதகடு முழுதாகச் சாய்ந்து, ரப்பர் மெத்தை அமுங்கிய பிறகு, கொஞ்சம் அழுத்தம் கூட்டினால்தான் ஸ்விட்ச் 'டக்' என்ன வேண்டும். ஸ்விட்ச் உயரமாக நின்றால் வாசிக்கும் நடுவிலேயே அணைந்துவிடும், தாழ்ந்து நின்றால் எவ்வளவு மிதித்தாலும் பூட்டாது. 15/32 அங்குலக் கழுத்தில் அங்குலத்துக்கு 32 மரை. உள் நட்டை அரைச் சுற்று திருப்பினால் உயரம் 0.4 மில்லிமீட்டர் மாறும். அரை அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் காலால் மிதித்துப் பாருங்கள். கையால் அழுத்திப் பார்ப்பது ஏமாற்றும், கையின் பலம் வேறு, நிற்கிற மனிதனின் எடை வேறு.

பாஸ், ஐபனேஸ் வகை: டாக்ட் ஸ்விட்ச்

டாக்ட் ஸ்விட்ச் என்பது அழுத்தும்போது மட்டும் சேரும், போர்டில் உட்காரும் சிறு பொத்தான். இங்கே பழுதின் முகமே வேறு. கரகரப்பு வராது. மிதித்தால் மாறாது, அல்லது ஒரே மிதிக்கு இரண்டு முறை மாறி, மாறாதது போலவே இருக்கும்.

முதலில் மிதிதகட்டைக் கழற்றிவிட்டு, அடியிலுள்ள ஸ்விட்சை விரலால் நேராக அழுத்துங்கள். ஒழுங்காக வேலை செய்தால் ஸ்விட்ச் நன்றாகவே இருக்கிறது. தகட்டுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவிலுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் முனைதான் தேய்ந்து தட்டையாகிவிட்டது. அதை மாற்றுங்கள், அல்லது தற்காலிகமாக அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு ரப்பர் துண்டை அடியில் ஒட்டுங்கள். விரலுக்கும் மாறவில்லையா? ஸ்விட்சின் இரண்டு இணைப்புகளையும் ட்வீசரால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். அப்போது எஃபெக்ட் மாறினால் ஸ்விட்ச் செத்துவிட்டது, மாற்றலாம். அப்போதும் மாறவில்லையென்றால் ஃபிளிப்-ஃபிளாப்பில் கோளாறு. அங்குள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களையும் பார்க்க வேண்டும். ஒரு ட்வீசரும் ஒரு நிமிடமும் தேவையற்ற ஒரு சால்டரிங்கை மிச்சம்பிடிக்கின்றன.

ஒரே மிதிக்கு இரண்டு முறை மாறுவது பாயிண்ட் துள்ளலால். தேய்ந்த தகடு படிந்ததும் சில மில்லி விநாடிகளுக்குத் துள்ளுகிறது, ஃபிளிப்-ஃபிளாப் அதை இரண்டு மிதியாக எண்ணிவிடுகிறது. சரியான மருந்து புது ஸ்விட்ச்தான். பாயிண்டுக்குக் குறுக்கே கெபாசிட்டரை மாட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அது நோயை மறைப்பது, அவ்வளவுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. உடலின் அளவு, இது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் சதுரமாக இருக்கும். தரையிலிருந்து பொத்தானின் உச்சி வரை மொத்த உயரம், 4.3, 5, 7, 9.5 என்று பல உயரத்தில் கிடைப்பதால் பழையதை வெர்னியரால் அளந்தே வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் தகட்டை மூடியதும் பொத்தான் அமுங்கியபடியே நிற்கும், பெடல் மாறவே மாறாது. மூன்றாவது அழுத்தும் விசை. 1.6 நியூட்டன் வகையும் 2.5 நியூட்டன் வகையும் பொதுவாகக் கிடைக்கும், கால் படுகிற இடத்துக்குக் கனமானதே மேல்.

நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளேயே சேர்ந்திருக்கும். ஸ்விட்சைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தால் எப்போதும் அழுத்திய நிலைதான். குழப்பமாக இருந்தால் மூலைவிட்டமாக எதிரெதிர்க் கால்களில் ஒயரைச் சேருங்கள், எப்படித் திருப்பினாலும் அவை சரியான ஜோடி.

போர்டில் உட்கார்ந்த ஸ்விட்சுகள்

ரேக் (சட்டத்தில் பொருத்தும்) கருவிகளிலும் எக்கோ இயந்திரங்களிலும் ஸ்விட்சின் கால்கள் நேராக போர்டில் இறங்கியிருக்கும். இங்கே ஆபத்து ஸ்விட்சுக்கு இல்லை, போர்டுக்குத்தான். பழுப்பு நிற பீனாலிக் போர்டு, ஒரே பக்கச் செம்பு. சூடு கொஞ்சம் கூடினாலும் பேட், அதாவது காலைச் சால்டர் செய்யும் செம்புத் திட்டு, தோல் மாதிரி உரிந்து வரும்.

பழைய சால்டரின் மேல் முதலில் புது சால்டர் கொஞ்சம் விட்டு உருக்குங்கள். காய்ந்துபோன சால்டர் தனியாக உருக அடம்பிடிக்கும், புதியதும் அதிலுள்ள ஃபிளக்ஸும் சேர்ந்தால் இளகிவிடும். பிறகு பம்பால் உறிஞ்சி, மிச்சத்தைச் செம்புப் பின்னலால் எடுங்கள். ஒவ்வொரு காலும் ஓட்டைக்குள் தனியாக ஆடுகிறதா என்று குச்சியால் தட்டிப் பாருங்கள். ஒரு கால் ஆடவில்லை என்றாலும் இழுக்கக் கூடாது. எப்படியும் தூக்கிப்போடப்போகிற ஸ்விட்ச் என்றால் இன்னும் நல்ல வழி, மேலிருந்து வெட்டுக் குறடால் உடலை நறுக்கிவிட்டுக் கால்களை ஒவ்வொன்றாக உருக்கி எடுப்பது. ஸ்விட்ச் போனால் போகட்டும், போர்டு பிழைக்கும்.

பேட் உரிந்துவிட்டால் பதற வேண்டாம். டிராக்கின் மேலுள்ள வார்னிஷை மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுரண்டி, செம்பு தெரிந்ததும் சால்டர் பூசி, 0.3 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒன்றை அதில் படுக்கவைத்து ஸ்விட்சின் காலுக்கு இழுத்துக்கொள்ளலாம். பேட் இல்லாத இடத்தில் ஸ்விட்சின் பிடிப்பு குறைந்திருக்கும் என்பதால் உடலை ஒரு துளி எப்பாக்ஸியால் போர்டோடு ஒட்டிவிடுங்கள்.

வரிசையாக நிற்கும், ஒன்றை அழுத்தினால் மற்றொன்று வெளியே குதிக்கும் புஷ் பட்டன் கூட்டத்துக்கு அதே அளவில் புதியது கிடைப்பது அரிது. நல்ல வேளையாக அவற்றைப் பிரிக்கலாம். ஒவ்வொரு பட்டனின் தண்டும் ஒரு சிறு கம்பியாலோ தகட்டாலோ நிறுத்தப்பட்டிருக்கும். அதை எடுத்தால் தண்டு ஸ்பிரிங்கோடு முன்னால் வந்துவிடும், கூடவே அரிசியைவிடச் சற்றுப் பெரிதான காண்டாக்ட் கிளிப்புகளும் துள்ளி விழும். விரித்த வெள்ளைத் துணியின் மேல் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கிளிப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, கறுப்பை மென்மையான அழிப்பானால் துடைத்து, வாய் விரிந்திருந்தால் ட்வீசரால் ஒரு முடியளவு நெருக்கி, திரும்பப் போடுங்கள். பூட்டிக்கொள்ளாத பட்டன் என்றால், இதய வடிவப் பள்ளத்தில் ஓடும் சிறு கம்பியைப் பாருங்கள், அது வளைந்திருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும்.

சுழல் ஸ்விட்சை மாற்றினால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அடுத்த பாயிண்டைத் தொட்ட பிறகு பழையதை விடுகிறதா, விட்ட பிறகு தொடுகிறதா? கடையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வரிசையில் தொட்ட பிறகு விடும் வகை தேவை, இல்லையென்றால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் டப் டப். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளிவாயையோ இரண்டு வெவ்வேறு வோல்ட்டேஜையோ தேர்ந்தெடுக்கும் இடத்தில் அதே ஸ்விட்சைப் போட்டால் திருப்பும் கணத்தில் இரண்டும் ஷார்ட் ஆகும். ஸ்பேஸ் எக்கோவின் 12 நிலை மோட் ஸ்விட்ச் மாதிரியானவற்றை, உடைந்திருந்தாலொழிய, மாற்றாமல் சுத்தம் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

மெயின்ஸ் ஸ்விட்சுக்குச் சுருக்கமாகவே சொல்லலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்கள் இறங்கிவிட்டனவா என்று மீட்டரால் பார்த்த பிறகே கைவையுங்கள். புது ஸ்விட்சில் 250 வோல்ட் ஏசி, 3 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்க வேண்டும். டிசி மதிப்பு மட்டும் போட்டிருப்பது ஆகாது. பாயிண்டுக்குக் குறுக்கே பொறி அடக்கும் கெபாசிட்டர் ஒன்று தொங்கினால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், பழையது காகிதக் கெபாசிட்டர் என்றால் கட்டாயம். அதே மதிப்பில் எக்ஸ்2 என்று முத்திரையிட்ட, 275 வோல்ட் ஏசி தாங்கும் வகைதான் அங்கே போகலாம். கால்களில் வெப்பச் சுருக்குக் குழாய் போடாமல் பெட்டியை மூடாதீர்கள்.

மாற்றிய பிறகும் 'டப்'

எல்லாம் முடிந்து, மிதித்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு அடி. புது ஸ்விட்சையும் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் 'டப்' என்னும். இது ஸ்விட்ச் பழுதே இல்லை. சர்க்யூட்டின் இன்புட்டிலோ அவுட்புட்டிலோ இருக்கும் கெபாசிட்டர் கொஞ்சம் டிசியைக் கசியவிடுகிறது. எதனோடும் சேராமல் தொங்கும் முனையில் அது தேங்கி நிற்கிறது, ஸ்விட்ச் சேர்ந்த கணத்தில் ஒரேயடியாக வடிகிறது. எர்த் இணைப்போடு சேர்த்த ஆறு கால் முறையில் இன்புட் பக்கம் தானாகவே அடங்கிவிடும், அவுட்புட் பக்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

சர்க்யூட்டின் வெளிவாய்க்கும் எர்த்துக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இன்புட் அந்தரத்தில் தொங்கும் இணைப்பாக இருந்தால் அங்கேயும் 1 அல்லது 2.2 மெகா ஓம் ஒன்று. தேங்குவதற்கு முன்பே வடிந்துவிடும், சத்தத்தின் தன்மையும் காதுக்குத் தெரியுமளவு மாறாது. ரெசிஸ்டரைப் போட்ட பின், பெடலுக்குக் கரண்ட் இருக்க, எஃபெக்ட்டை மட்டும் அணைத்த நிலையில் அதன் இரு முனையிலும் டிசி மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் சரி. பத்துக் கணக்கில் மில்லிவோல்ட் நின்றால் கசிவு அதிகம், ரெசிஸ்டரை இன்னும் குறைத்துப் பயனில்லை. அந்தக் கெபாசிட்டரை மாற்றுங்கள், எலக்ட்ரோலிட்டிக் இருந்த இடத்தில் அதே மதிப்புள்ள ஃபிலிம் வகை அடங்குமென்றால் அதையே போடுங்கள்.